மறு: சதுரத் துளை போட்ட சீனக் காசு – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். 'வட்டச் சதுரத்துளை நாணயம்' என்று ஓர் அன்பர் முன்மொழிந்ததைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. பினாங்கில் வேலை பார்த்த நாளிலிருந்து இந்தக் காசுகளைச் சேர்த்து வருகிறேன். தட்டில் முந்நூறு காசைக் கொட்டிப் பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் அந்தப் பெயரால் கூப்பிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

> ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பதே நம் 'காசு'தானே ஐயா? பிறகு எதற்கு விவாதம்?

பாதி சரி. ஆங்கிலத்தில் 'கேஷ்' இரண்டு உண்டு. கையிருப்பு ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. அதற்கும் நமக்கும் உறவில்லை. வாட்ஸப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். சீனச் செப்புக்காசுக்கு வழங்கும் 'கேஷ்' வேறு. தமிழ்க் 'காசு' போர்த்துக்கீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. சீனர்கள் அதைச் சொன்னதே இல்லை. அவர்களுக்கு அது 'சியென்'. ஆக, சீனக் காசுக்கு உலகச் சேகரிப்பாளர்கள் வழங்கும் பெயர் நம் கடற்கரையில் பிறந்தது. அதைத் திரும்ப அழைத்துக்கொள்ள ஒரு கலைச்சொல் குழு தேவையில்லை. ஆனால் வெறும் 'காசு' போதாது. கிழக்கிந்தியக் கம்பெனி 1808இல் சென்னை மாகாணத்துக்கு அடித்த 10, 20 காசுகளும் ஆங்கிலத்தில் 'கேஷ்'தான். இரண்டையும் பிரிக்க ஓர் அடைமொழி வேண்டும்.

> 'சீனக் காசு' என்று வைத்தால் முடிந்தது.

முடியாது அம்மா. ஜப்பான், கொரியா, வியட்நாம் மூன்றும் இதே வடிவில் வார்த்திருக்கின்றன. என் தட்டில் பாதிக் குழப்பமே வியட்நாம் காசைச் சீனக் காசென்று நினைத்து வாங்கியதால் வந்ததுதான். சீனாவிலேயே பிற்காலத்தில் துளையில்லாத செப்புக்காசும் வெள்ளிக்காசும் வந்துவிட்டன. நாம் பேசுவது ஓர் உருவத்தைப் பற்றி: வட்டம், நடுவில் சதுரம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சின் பேரரசு அதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியதிலிருந்து 1911இல் சிங் வம்சம் கவிழும்வரை உருவம் மாறவில்லை. எனவே துளை பெயரில் இருந்தே ஆக வேண்டும்.

> 'ஓட்டைக்காசு' மக்கள் சொல்.

மக்கள் சொல்தான், மறுக்கவில்லை. 1943 முதல் 1947 வரை வந்த, நடுவில் வட்ட ஓட்டை போட்ட காலணாவை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 'ஓட்டைக் காலணா' என்றுதான் சொல்வார்கள். 'ஒரு ஓட்டைக் காலணாவுக்குக் கூடப் பெறமாட்டான்' என்று திட்டியும் இருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஓட்டை என்றால் பழுது. சீனக் காசின் சதுரம் பழுதில்லை, வேலையோடு பிறந்தது. வார்த்து எடுத்த காசுகளைச் சதுரக் கம்பியில் கோத்து விளிம்பை அரத்தால் தேய்ப்பார்கள். துளை சதுரமாக இருப்பதால் காசு சுழலாது. வேண்டுமென்றே போட்டதற்குத் தமிழில் 'துளை' இருக்கிறது. புல்லாங்குழலில் இருப்பதை யாரும் ஓட்டை என்பதில்லை. ஆகவே 'துளைக்காசு' என் வாக்கு. முதல் முறை 'சதுரத்துளைக் காசு' என்று விரித்து எழுதிவிட்டு, பிறகு 'துளைக்காசு' என்று சுருக்கிக்கொள்ளலாம்.

(நேற்று வந்த 'சரக்காசு' எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். 'சரக்குக்குக் காசா?' என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதோடு விட்டேன்.)

ஆனால் 'சரம்' என்பதை விடக்கூடாது. அடுத்த சொல் அதுதான். ஆயிரம் காசைக் கயிற்றில் கோத்தால் அது ஓர் அலகு; சீனர்கள் 'குவான்' என்பார்கள். 'கட்டு', 'ஆயிரம்', 'கோவை' என்று மூன்று வந்திருக்கின்றன. 'கட்டு' தாளுக்குப் பொருந்தும். 'கோவை' எழுதினால் பாதிப் பேர் பேருந்து ஏறிவிடுவார்கள். 'ஆயிரம்' பார்க்கச் சரியாகத் தோன்றும், ஆனால் தவறு. சீனாவைச் சோங் வம்சம் ஆண்ட காலத்தில் அரசே 77 காசை நூறாகக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விதித்தது. அதன்படி 770 காசு இருந்தாலே ஒரு முழுச் சரம். எண்ணை அலகின் பெயராக்கினால் மொழிபெயர்ப்பு பொய் சொல்லும்.

எடுத்துப் பார்ப்பதற்கு நமக்கு நெருக்கமான வரியே இருக்கிறது. 1077இல் சோழநாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. கொண்டுபோன பரிசுக்கு ஈடாக அவர்களுக்கு 81,800 சரம் செப்புக்காசு கிடைத்ததாகச் சீன வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. '81,800 சரம்' என்று வாசித்துப் பாருங்கள், இடறவில்லை. தஞ்சை வட்டாரத்தில் தாலிக்கோட்டை, விக்ரமம் போன்ற ஊர்களில் மண்ணுக்கடியிலிருந்து சீனக் காசுப் புதையல் கிடைத்திருக்கிறது, இலங்கையில் யாப்பகுவையிலும். தமிழ்த் தொல்லியல் கட்டுரைகளுக்கு இந்தச் சொற்கள் நிஜமாகவே தேவைப்படும்.

குறுந்தொகை 67ஐ நினைவுபடுத்த அனுமதியுங்கள். கிளி வேப்பம்பழத்தை அலகில் பிடித்திருக்கிறது. அது, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூரிய நகத்தால் பிடித்த 'பொலங்கல ஒருகாசு' போல இருக்கிறதாம். கோக்கப்படுவது தமிழ்க் காசுக்கு அன்றே இயல்பு. காசுமாலை இன்றும் கழுத்தில் கிடக்கிறது. 'நாணயச் சரம்' என்று எழுதிப் பாருங்கள், ஏதோ வங்கிச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். 'காசுச் சரம்' அப்படி இல்லை.

> அச்சடித்தவர்கள் யார் என்பதை 'அச்சகக் குறி' எனலாமா?

கூடாது, தம்பி. இவை அடித்த காசுகள் இல்லை, வார்த்தவை. முதலில் கையால் செதுக்கிய ஒரு காசு. அதைக் கொண்டு சில காசுகளை வார்ப்பார்கள். அவற்றை மணலில் அழுத்தி அச்செடுத்துப் புழக்கத்துக்கான காசை வார்ப்பார்கள். உலோகம் குளிரும்போது சுருங்குவதால் தலைமுறைக்குத் தலைமுறை சற்றே சிறுத்துக்கொண்டு வரும். நடுத்தலைமுறையைச் சீனர்களே 'தாய்' என்றுதான் அழைக்கிறார்கள். எனவே தாய்க்காசு, சேய்க்காசு. செதுக்கியதைப் பாட்டிக்காசு என்றால் சிரிப்பீர்கள், ஆனால் யாருக்கும் மறக்காது. வார்க்கும் இடத்துக்கு 'அக்கசாலை' என்ற பழஞ்சொல் இருக்கிறது; ஆகவே 'அக்கசாலைக் குறி'. இப்போது கையில் இருக்கும், 18ஆம் நூற்றாண்டுச் சிங் பேரரசர் சியென்லுங் காலத்துக் காசின் பின்புறத்தில் துளைக்கு இருபுறமும் மஞ்சு எழுத்தில் (சிங் அரசர்களின் இன மொழி) இரண்டு சொல் நிற்கிறது. அதுதான் அந்தக் குறி; பீக்கிங்கில் வருவாய்த் துறை நடத்திய அக்கசாலை.

அடுத்து, பழைய செம்பின் மேல் படியும் பச்சை. 'மேற்படலம்' என்றவர் மன்னிக்கவும், அது கண் நோய் மாதிரி இருக்கிறது. செம்புக்கு நம்மிடம் 'களிம்பு' உண்டு. சைவ சித்தாந்தத்தில் ஆணவத்துக்கே உவமை அதுதான். ஆனால் சேகரிப்பவனுக்கு இரண்டு பச்சை உண்டு. ஒன்று இறுகிப் படிந்து காசைக் காப்பது. இன்னொன்று வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து காசைத் தின்பது. தின்பதைக் 'களிம்பு' என்றும், காப்பதைப் 'பச்சைப்படிவு' என்றும் பிரித்தால் நல்லது. இது வெறும் சொற்பிரச்சினை இல்லை. ஒரு தடவை விடுமுறைக்கு வந்தபோது சோங் காலத்துக் காசு பதினெட்டை மேசையில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் தட்டில் பதினெட்டும் பொன் மாதிரிப் பளபளக்கின்றன. 'எவ்வளவு அழுக்குடா, புளி போட்டு விளக்கிட்டேன்' என்றார் அம்மா. குத்துவிளக்கும் அன்றைக்கே விளக்கி முடித்திருந்தார். ஒன்பது நூற்றாண்டுப் படிவு, அரை எலுமிச்சை அளவு புளி. அம்மாவிடம் 'அது களிம்பில்லை அம்மா' என்று சொல்ல அன்று எனக்குச் சொல் இல்லை.

தீராதது ஒன்று. எழுத்தை வாசிக்கும் வரிசை. 621இல் தாங் வம்சம் வார்த்த காசில் துளையைச் சுற்றியுள்ள நான்கு எழுத்தை மேல், கீழ், வலம், இடம் என்று படித்தால் 'கையுவான் தோங்பாவ்'. மேலிருந்து வலமாகச் சுற்றிப் படித்தால் 'கைதோங் யுவான்பாவ்'. இரண்டு விதமாகவும் படித்தவர்கள் உண்டு. சுற்றிப் படிப்பதற்கு 'வலஞ்சுழி வாசிப்பு' கச்சிதமாக இருக்கிறது. முதல் வகைக்கு 'குறுக்கு வாசிப்பு' என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். ஏதோ குறுக்கு வழியில் படிக்கிற மாதிரி இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள். சொற்பட்டியலில் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.