நந்தம்பாக்கத்தில் ஒரு ஞாயிறு

கார்த்திக்: (படம்) (படம்)

ராஜி அத்தை: என்னடா, ஊட்டியா? சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாயே.

கார்த்திக்: ஊட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை அத்தை. நந்தம்பாக்கம். மவுண்ட் பூந்தமல்லி ரோட்டில் இருக்கிற வார் சிமெட்ரி. வெளியே ஹாரன் காதைப் பிளக்கிறது, உள்ளே ஒருவர் கல்லோரப் புல்லைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் சத்தம் கேட்கிறது.

ராஜி அத்தை: லீவு நாளில் கல்லறைக்கா போவார்கள்? தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் நுழை.

நித்யா: நேப்பியர் பாலத்துப் பக்கம் வட்டமாக இருக்குமே, அதுதானே போர் நினைவிடம்?

பெரியப்பா: அது வெற்றிச் சின்னம். அங்கே யாரையும் புதைக்கவில்லை. கார்த்தி இருப்பது கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்தவர்கள், 850க்கு மேல்.

நித்யா: அத்தனை பேரும் சென்னையிலா இறந்தார்கள்?

பெரியப்பா: இல்லையம்மா. தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் புதைத்திருந்தார்கள். அங்கெல்லாம் காலத்துக்கும் பராமரிக்க முடியாது என்று 1952இல் இந்த இடத்தை ஏற்படுத்தி இங்கே கொண்டுவந்தார்கள்.

கார்த்திக்: (படம்) பின்பக்கம் 1914-1918 என்று இருக்கிறது, வரிசையாகப் பெயர்கள். இவர்களையும் கொண்டுவந்தார்களா?

பெரியப்பா: அவர்கள் அங்கே இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், உடல்கள் மட்டும் இந்தியாவில் எந்தெந்த ஊரிலோ. அந்தக் கல்லறைகளைக் காப்பாற்ற முடியாது என்றுதான் பெயரை இங்கே வெட்டினார்கள்.

ராஜி அத்தை: அப்படியென்றால் அவர்கள் வீட்டுக்காரர்கள் திதி கொடுக்க எந்த ஊருக்குப் போவார்கள்?

பெரியப்பா: பெயர் இருக்கிற ஊருக்குத்தான் ராஜி.

கார்த்திக்: ஒரு கல்லில் வயது 21. அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி, வீட்டில் இருப்பவர்கள் எழுதியது போல இருக்கிறது.

பெரியப்பா: வீட்டாரே சொல்லி வெட்டச் சொன்னதுதான். அந்த ஒரு வரிதான் அவர்கள் இஷ்டம். மற்றபடி அதிகாரி, சிப்பாய் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கல். 1917இல் இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கிற போர்க் கல்லறை ஆணையம் ஆரம்பித்த காலத்திலிருந்தே அப்படித்தான். ராணுவத்தில் 24 வருஷம் இருந்தேன், பதவி பார்க்காத இடம் என்று நான் பார்த்தது அது ஒன்றுதான்.

நித்யா: பெரியப்பா, ஹாஹா.

கார்த்திக்: சிலுவையில் ஒரு வாளைத் தலைகீழாகப் பதித்திருக்கிறார்கள். அப்புறம் நீளமாக, மேடை மாதிரி ஒரு கல்.

பெரியப்பா: அந்தக் கல் லட்யன்ஸ் வடிவமைத்தது. டெல்லி இந்தியா கேட்டும் அவர் வேலைதான். நவம்பரில் அதன் முன்னால்தான் மலர்வளையம் வைப்போம். அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போ. முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பேன்.

கார்த்திக்: சரி பெரியப்பா. எட்டு மணிக்கு வருகிறேன்.

ராஜி அத்தை: கார்த்தி, இரண்டாவது படத்தில் கல்லுக்கு முன்னால் சிவப்பாகப் பூத்திருக்கிறதே, என்ன செடி? அந்தத் தோட்டக்காரரிடம் ஒரு கிளை கேட்டுப் பார்.

கார்த்திக்: அத்தை, கல்லறைச் செடி!

ராஜி அத்தை: செடிக்கு ஏதுடா தீட்டு? ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவா.