அக்ரி ஆபீசர் உங்க காட்டுக்கு வந்த கதை இருந்தா சொல்லுங்க

குச்சிக்காட்டான், நாமக்கல்
கேட்டவன் நானே ஆரம்பிக்கிறனுங்க. 2010, குச்சிக்கிழங்குல, அதாங்க மரவள்ளில, மாவுப்பூச்சி வந்த வருசம்னு சொன்னா நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வேற எதுவும் சொல்ல வேண்டியதில்ல. பப்பாளி, மல்பெரி, வேலியோரம் பார்த்தீனியம் வரைக்கும் பஞ்சு ஒட்ட வச்ச மாதிரி வெள்ளை. கடைக்காரர் எடுத்துக் குடுத்ததையெல்லாம் எங்கப்பா அடிச்சாரு, பூச்சி மேல மெழுகு இருக்கறதால மருந்து எறங்கவே இல்ல, பத்து நாள்ல மறுபடி வெள்ளை.

அன்னைக்குக் காலைலயும் டேங்க்ல மருந்து கலக்கி முதுகுல மாட்டியாச்சு. அப்பத்தான் ஒரு ஆபீசரம்மா வந்தாங்க, கைல ஒரு பிளாஸ்டிக் டப்பா, வாய்ல துணி கட்டி ரப்பர் பேண்டு போட்டது. "குளவிங்கய்யா, இதத்தான் விடப் போறோம்"னாங்க. நான் டப்பாவ வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாக்கறேன், தூசி மாதிரி ஏதோ இருக்கு, அவ்வளவுதான். போர்ட்டோ ரிக்கோவுல இருந்து வந்துச்சாம், மாவுப்பூச்சி உடம்புக்குள்ளயே முட்டை வைக்குமாம். துணிய அவுத்தாங்க. பறந்ததா இல்லையான்னு கூடத் தெரியல. அப்புறம் அப்பாவப் பாத்து, "இனி மருந்து மட்டும் அடிச்சுராதீங்க, அடிச்சா இதுங்கதான் மொதல்ல சாகும்"னாங்க.

முதுகுல முழு டேங்க்கோட அவரு நின்ன நிலை இருக்கே, அதான் எனக்கு மறக்க மாட்டேங்குது. நாலு நிமிசம் இருக்கும், ஒண்ணும் பேசல. அப்புறம் கழட்டி வரப்புல வச்சாரு. ரெண்டு மூணு மாசத்துல பூச்சி பழுப்பா உப்பி, முதுகுல ஓட்டையோட காஞ்சு கெடந்துச்சு. அந்த டேங்க் மருந்துக் காசை மட்டும் அவரு சாகற வரைக்கும் கணக்கு சொல்லிட்டே இருந்தாரு. பின்னாடி குச்சிக்கு வேற ஒரு மாவுப்பூச்சி வந்து, 2022ல ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்துல ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்த குளவி விட்டாங்க பாருங்க, அது எனக்கு வாட்ஸப்லதான் தெரிஞ்சுது. டப்பாவோட யாரும் வரல.

கடைமடை
எங்க ஊர்ல அக்ரி ஆபீஸ்னு யாரும் சொல்ல மாட்டோம், டிப்போதான். ஒற்றை நாத்து நடவு வந்த புதுசு. டிப்போக்காரரு முடிச்சுப் போட்ட கயித்தோட எறங்கிட்டாரு, முடிச்சுக்கு முடிச்சு இருபத்திரண்டரை சென்டிமீட்டர், பதினாலு நாள் நாத்து, குத்துக்கு ஒண்ணே ஒண்ணு. ஏக்கருக்கு முப்பது கிலோ விதை விட்ட மனுசன்கிட்ட மூணு கிலோ போதும்னா எப்படி இருக்கும், எங்கப்பா பாட்டுக்கு எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிட்டாரு. நடவு ஆளுங்க, இது என்ன நாத்தா அருகம்புல்லான்னு சிரிப்பு. ஒரு வாரம் வயல் வெறும் தண்ணியாத்தான் தெரிஞ்சுது, சித்தப்பா வரப்புல நின்னுக்கிட்டு "என்னடா, மீன் வளக்கப் போறியா"ன்னாரு.

நாப்பது நாள் கழிச்சு அவரு திரும்ப வந்தாரு. ஒரு குத்தைக் காட்டி, அதுல கிளைச்ச தூர எண்ணுங்கய்யான்னு எங்கப்பாவ உக்கார வச்சுட்டாரு. எண்ணிக்கிட்டே போயி முப்பத்தெட்டுல தப்பு விட்டுட்டாரு, மறுபடி மொதல்ல இருந்து. மூணு தடவ எண்ணினாரு, நம்பாம.

அடுத்த வருசமும் நட்டோமான்னா இல்ல. ஆள் கிடைக்கல, எங்க களிமண்ணுல களை எடுக்கற கோனோவீடர உருட்டுறதுக்கு மாடு மாதிரி தெம்பு வேணும். இப்ப எல்லாம் மெஷின் நடவு.

கரிசல்மண்
உங்களுக்கெல்லாம் ஆள் வந்துச்சு, எனக்குக் கார்டு வந்துச்சு. மண் வள அட்டை. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து நடுத்தரம், சாம்பல் சத்து அதிகம், எல்லாம் அச்சடிச்சு அழகா இருந்துச்சு. பக்கத்துப் புஞ்சைக்காரர் கார்டை வாங்கிப் பாத்தா புள்ளிக்குப் புள்ளி அதே நம்பர். அவரு நிலம் செவக்காடு, என்னது கரிசல். மழை பேஞ்சா என் நிலத்துல செருப்பு வெளிய வராது, அவரு நிலத்துல கிரிக்கெட் ஆடலாம், ரெண்டுக்கும் ஒரே பி.ஹெச்சாம். ஆபீஸ்ல போயி ரெண்டு கார்டையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வச்சேன். பாத்தாரு. "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க, அப்புறம் என்ன?"ன்னாரு. அந்தச் சிரிப்பு இருக்கே… விடுங்க.

குளவி விட்டாங்க தூர் எண்ணினாங்கன்னு புல்லரிக்கறவங்க இதையும் சேத்து எழுதணும்.

வயக்காட்டு வாத்தியார்
கரிசல்மண் தம்பிக்கு. கார்டு ஒரே மாதிரி வந்ததுல தில்லுமுல்லு இருக்கணும்னு கட்டாயம் இல்ல. 2015ல அந்தத் திட்டம் வந்தப்ப கட்டம் போட்டுத்தான் மண்ணு எடுத்தாங்க, பாசன நிலத்துக்கு ரெண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரிக்குப் பத்து எக்டேருக்கு ஒண்ணு. பத்து எக்டேர்னா இருபத்தஞ்சு ஏக்கர் தம்பி. அந்தக் கட்டத்துக்குள்ள எத்தன பேர் இருந்தாலும் ஒரே நம்பர்தான். அதனால நீயே எடுத்துக் குடுக்கறதுதான் வழி. எப்படி எடுக்கறதுன்னும் சொல்லிடறேன், பாதிப் பேரு தப்பாத்தான் எடுக்கறான்.

வரப்போரம், வாய்க்காலோரம், மர நிழல், எருக்குழி கிட்ட எடுக்காத. உரம் போட்ட கையோட எடுக்காத. மேல கெடக்கற சருகு புல்ல மட்டும் ஒதுக்கு, மேல்மண்ணச் சொரண்டாத. மம்பட்டியால V மாதிரி ஒரு குழி, நெல்லு தானியம்னா அரை அடி, பருத்தி கரும்புன்னா முக்கால் அடி. வெட்டின மண்ணத் தூரப் போட்டுரு, அது வேண்டாம். குழியோட பக்கச் சுவத்துல இருந்து மேலேருந்து கீழ வரைக்கும் ஒரு விரல் கனத்துக்குச் செதுக்கி எடு. இப்படிப் பத்துப் பதினஞ்சு எடத்துல எடுத்து ஒண்ணாக் கொட்டிக் கலக்கு. வட்டமாப் பரப்பி நாலாப் பிரி, எதிரெதிர் ரெண்டு பாகத்தத் தள்ளு, மிச்சத்த மறுபடி கலக்கு, மறுபடி பிரி, அரைக்கிலோ ஆகற வரைக்கும். ஈரமா இருந்தா நெழல்ல காய வை, வெயில்ல போடாத. முக்கியமானது, யூரியா சாக்குல கட்டிக்கிட்டுப் போகாத, என் மச்சினன் அப்படிக் கட்டிக்கிட்டுப் போயி தழைச்சத்து எக்கச்சக்கம்னு ரிசல்ட் வாங்கிட்டு வந்தான். செவக்காட்டையும் கரிசலையும் ஒரே பையில கலக்காத, நிறம் மாறுனா தனிப் பை.

என் கதை ஒண்ணும் பெருசா இல்ல, அப்புறம் எழுதறேன்.

முட்டை மேடம்
நான் ஆபீசருங்க பக்கத்து ஆளு, அக்ரி படிச்சவ. கடைசி வருசம் கிராமத்துல தங்கி வேலை பாக்கணும், அப்ப நடந்தது. விதை நேர்த்தி செஞ்சு காட்டணும்னு ஒரு தாத்தா வீட்டு வாசல்ல உக்காந்தோம். பக்கெட்ல தண்ணி, கோழி முட்டையப் போட்டா முங்கும், உப்பக் கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுக் கலக்கிட்டே இருந்தா முட்டை மேல வந்து எட்டணா அளவு வெளிய தெரியும், அப்ப நெல்லக் கொட்டினா பொக்கு மெதக்கும், நல்லது அடியில நிக்கும். ஊரே கூடிருச்சு, கைதட்டல் வேற. தாத்தா தன்னோட சொந்த விதையையே ரெண்டு மரக்கா குடுத்துட்டாரு. போட்டோ எடுத்தோம், பஸ் வந்துருச்சு, ஓடிட்டோம்.

உப்புத் தண்ணில இருந்து எடுத்த விதைய நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவ அலசணும். அத நான் சொல்லவே இல்ல. பஸ் ஏறிப் பாதி வழில ஞாபகம் வந்துச்சு, அவரு நம்பர் கிடையாது. நாலு நாள் கழிச்சுப் போனப்ப விதை சரியா முளைக்கலம்மான்னாரு, அவ்வளவுதான், திட்டக்கூட இல்ல, மோர் குடுத்தாரு. ரிக்கார்டு நோட்டுல அந்தப் போட்டோதான் ஒட்டியிருக்கு, மார்க்கும் வந்துச்சு.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி
2016ல சுருள் வெள்ளை ஈ மொதல்ல எங்க பக்கந்தான். ஓலைக்கு அடியில வட்டம் வட்டமா வெள்ளை, அது ஒழுக்கற தேன் மாதிரி தண்ணி கீழ் ஓலைல விழுந்து கரி பூசின மாதிரி கருப்பு. அக்ரி பிரச்சார வண்டில வந்தவரு மஞ்ச ஷீட்ல வெளக்கெண்ணெய் தடவித் தொங்க விடுங்கன்னாரு, சரி. மருந்து அடிக்க வேண்டாம், அந்த ஈய அழிக்கற என்கார்சியா குளவி தானா வரும்னாரு, அதும் சரி. கருப்புக்கு என்னங்க பண்றதுன்னு கேட்டா, லிட்டருக்கு இருபத்தஞ்சு கிராம் மைதா பசை காச்சி அடிங்க, காஞ்சு பேந்து வரும்போது கருப்பையும் உரிச்சுட்டு வரும்னாரு. என்ற சம்சாரம், "ஏனுங்க, சினிமா போஸ்டர் ஒட்டவா தென்னை வளத்தோம்?"னு கேட்டுட்டா, வண்டியே சிரிச்சுது. ஆனா உரிஞ்சுதுங்க, தகடு தகடா.

கரிசல்மண்
வாத்தியாரய்யா, எனக்கு மண்ணு எடுக்கத் தெரியும். நான் கேட்டது அதில்ல. கட்டம் போட்டு எடுத்தோம்னு நீங்க இப்பச் சொன்ன அந்த ஒரு வரிய அன்னைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரு சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு வந்திருப்பேன்.

முட்டை மேடம், அந்தத் தாத்தாவுக்கு ரெண்டு மரக்கா விதை நெல்லு வாங்கிக் குடுத்தீங்களா?

முட்டை மேடம்
இல்ல.

கடைமடை
பொள்ளாச்சிக்காரரே, அந்த மைதா கட்டி விழாம எப்படிக் கரைச்சீங்க? எங்க வீட்டுத் தோப்புலயும் கருப்பு ஏறியிருக்கு, ஸ்பிரேயர் வாய் அடைச்சுக்குது.

தென்னந்தோப்பு, பொள்ளாச்சி
பச்சத் தண்ணில மொதல்ல கரைச்சுட்டு அப்புறம் அடுப்புல ஏத்தோணும். சுடுதண்ணில கொட்டுனா கட்டிதான். துணில வடிகட்டிக்குங்க. பழைய வேட்டியா இருந்தா நல்லது, சேலையக் கேக்காதீங்க, நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.