ஆட்டோகேடில் ஓவர்கில் போட்டும் துளை மேல் துளை அப்படியே நிற்கிறது

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் லேசர் கட்டிங் பட்டறை. 3 மிமீ ஸ்டெயின்லெஸ் தகடு. கஸ்டமர் போன வாரம் அனுப்பிய டிஎக்ஸ்எஃப் வரைபட ஃபைலில் ஒவ்வொரு துளையும் இரண்டு முறை வெட்டுப்படுகிறது. இரண்டாவது சுற்றில் விளிம்பு கருகி, அடியில் கசடு ஒட்டுகிறது.

ஆட்டோகேட் 2022, முழு வெர்ஷன், எல்டி (வசதி குறைந்த வெர்ஷன்) இல்லை. யூனிட் மிமீ.

ஓவர்கில் (ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகளை நீக்கும் கட்டளை) நேர்கோடுகளை ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டது. லேயர், கலர் இரண்டையும் இக்னோர் பண்ணித்தான் ஓட்டினேன். ஃப்ளாட்டன் (எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவரும் கட்டளை) போட்டு இசட் உயரமும் பூஜ்யம். துளையில்தான் சிக்கல்: ஒன்று அசல் சர்க்கிள், அதன் மேலேயே 36 பக்க மூடிய பாலிலைன் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு). விட்டம் 20 துளையில், பக்கத்தின் நடுவில் இரண்டுக்கும் இடைவெளி 0.038 மிமீ. கண்ணுக்கு ஒரே கோடுதான், ஓவர்கில்லுக்கு இரண்டும் வேறு வேறு. டாலரன்ஸை (ஒன்றாக எடுத்துக்கொள்ளும் இடைவெளி அளவை) 0.05க்கு ஏற்றினாலும் அவை போகவில்லை. பொறிப்பு எழுத்துகளில் இருந்த குட்டிக் கோடுகள்தான் காணாமல் போயின!

குவிக் செலக்டில் பாலிலைன் என்று எடுத்தால் வெளி விளிம்பும் சேர்ந்து வருகிறது. பரப்பளவை வைத்துப் பிரிக்கலாம் (விட்டம் 20க்கு பாலிலைன் 312.57, சர்க்கிள் 314.16), ஆனால் துளை அளவு ஏகப்பட்டது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து எடுக்க முடியாது. கஸ்டமரிடம் வேறு ஃபைல் இல்லையாம். வெள்ளிக்கிழமை தகடு ஏற்ற வேண்டும்.

பாலிலைனின் எல்லா முனைகளும் ஒரே சர்க்கிள் மேல் விழுந்தால் அந்தப் பாலிலைனை மட்டும் மொத்தமாக அழிக்கிற லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள் ஓடும் குட்டி நிரல்) யாரிடமாவது இருக்கிறதா?