டெர்மக்ஸில் பைத்தான்: பெர்மிஷன் டினைட் என்று நிற்கிறது, அவசரம்

மேல்மலைப் பூண்டு · மாலை 6:10
எல்லோருக்கும் வணக்கம். போனில் லினக்ஸ் கட்டளை அடிக்கும் டெர்மக்ஸ் செயலியைப் போட்டு, நிரல் எழுத பைத்தான் மொழியும் ஏற்றிவிட்டேன். வீடியோவில் சொன்னபடி வென்வ் (பைத்தான் நூலகங்களைத் தனியாக வைக்கும் ஃபோல்டர்) உருவாக்கினால் பெர்மிஷன் டினைட், அதாவது அனுமதி இல்லை, என்று வருகிறது. மூன்று முறை அழித்துவிட்டுச் செய்தும் அதேதான். நாளை விடியற்காலை 4 மணிக்கு அப்பா பூண்டு மூட்டைகளோடு ஜீப்பில் வடுகபட்டி மண்டிக்குக் கிளம்புகிறார். அதற்குள் கணக்குத் தாள் வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊட்டி ரயிலடி · 6:19
என்ன போன்? ஆண்ட்ராய்டு எத்தனை? டெர்மக்ஸை பிளே ஸ்டோரில் எடுத்தீர்களா, எஃப்-டிராய்டு என்ற இன்னொரு செயலிக் கிடங்கிலா? பிழைச் செய்தி முழுதும் வேண்டும். கடைசி இரண்டு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது.

தாண்டிக்குடி காபி · 6:24
இது பிளே ஸ்டோர் பிரச்சினையேதான், நான் நிறைய பார்த்திருக்கிறேன். ஆண்ட்ராய்டு 10 வந்தபோது ஒரு விதி வந்தது. புது விதிப்படி கட்டிய செயலி, தன் இடத்தில் இறக்கி வைத்த நிரலைத் தானே ஓட்டக் கூடாது. டெர்மக்ஸுக்கு வேலையே அதுதான். அதனால் 2020க்கு அப்புறம் பிளே ஸ்டோரில் அதைப் புதுப்பிப்பது சில வருடம் நின்றுபோனது. 2021 மே மாதம், பொதிகளை (நிரல் தொகுப்புகளை) வைத்திருந்த பின்ட்ரே தளம் மூடியதும் அந்தப் பழைய பதிப்புக்கு பொதி இறக்கவும் இடமில்லாமல் போனது. யோசிக்காமல் எடுத்துவிட்டு எஃப்-டிராய்டில் இருந்து புதிதாகப் போடுங்கள். பத்து நிமிட வேலை.

அரவேணு அக்கா · 6:27
தம்பி, பொறுங்கள், இப்போது எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள். டெர்மக்ஸை எடுத்தால் அதன் ஹோம் ஃபோல்டரில் இருப்பது எல்லாம் அதோடு போய்விடும். இரண்டு இடத்துப் பதிப்புக்கும் கையொப்பம் வேறு, ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட முடியாது, எடுத்தே ஆகவேண்டும். என் தங்கை இப்படித்தான் இரண்டு மாதம் எழுதியதை ஒரே தட்டலில் இழந்தாள். முதலில் நீங்கள் எழுதியதைப் பொது இடத்துக்கு நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் ரயிலடி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

குந்தா · 6:33
போன் ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் இது பின்னணியில் ஓடுவதைக் கொல்லும் வேலை. எல்லாச் செயலிகளுக்கும் சேர்த்து 32 துணை ஓட்டங்களுக்கு மேல் விடாது. 14 என்றால் டெவலப்பர் ஆப்ஷனில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, சைல்ட் ப்ராசஸ் என்று தேடி அந்தக் கட்டுப்பாட்டை நிறுத்துங்கள்.

ஊட்டி ரயிலடி · 6:36
அது வந்தால் சிக்னல் 9 என்று சொல்லிவிட்டு முழுதாக நின்றுவிடும், பெர்மிஷன் டினைட் வராது. இரண்டும் வேறு.

தாண்டிக்குடி காபி · 6:38
அப்படியென்றால் பைத்தான் நூலகங்களை இறக்கும் பிப் கருவி பழசாக இருக்கும். பிப்பை அப்கிரேட் செய்து பார்க்கட்டும்.

ஊட்டி ரயிலடி · 6:40
டெர்மக்ஸில் பிப்பை வைத்தே பிப்பை அப்கிரேட் செய்யக் கூடாது, அதுவே தடுத்துவிடும். பிகேஜி அப்கிரேட் என்று அடித்தால் எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் புதிதாகும். தயவுசெய்து ஆளை அலைக்கழிக்காதீர்கள்.

பழைய கை · 6:52
நான் இங்கே பல வருடமாகப் பதில் சொல்கிறேன், ஒவ்வொரு வாரமும் இதே கதை. போன் என்ன, பதிப்பு என்ன, எந்தக் கட்டளை, என்ன பதில் வந்தது என்று நாலு வரி எழுதத் தெரியாதவர் நிரல் எழுத உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். முதலில் கேள்வி கேட்கப் பழகட்டும். இரண்டாவது, போன் என்பது பேச, படம் பார்க்க. ஒரு பழைய லேப்டாப் வாங்கி அதில் லினக்ஸ் போட்டுக் கற்றுக்கொண்டால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. ஆறு அங்குலத் திரையில் கற்றது மண்டையில் நிற்காது.

குந்தா · 7:01
ஐயா, நாலு வரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. லேப்டாப் விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆடி மாதக் காற்றில் எங்கள் பக்கம் யூகலிப்டஸ் ஒன்று லைன் மேல் சாய்ந்தால் ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லை. பழைய லேப்டாப்பில் பேட்டரி அரை மணி நேரம் தாங்கினால் அதிசயம். போன் என்றால் பவர் பேங்க் வைத்து இரவு முழுக்க ஓட்டலாம். நான் சி கற்றதே அப்படித்தான், கம்பளிக்குள் உட்கார்ந்து.

பழைய கை · 7:06
குந்தாவில் இருந்துகொண்டு கரண்ட் இல்லை என்கிறீர்கள். 1932லேயே பைக்காராவில் தண்ணீரில் மின்சாரம் எடுத்த மலை அது.

குந்தா · 7:09
மின்சாரம் இங்கே பிறக்கிறது, உண்மைதான். மரம் விழுவதும் இங்கேதான். லைன் பார்க்க வருகிறவர்கள் அந்த மழையில் கம்பம் ஏறுவதைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது. அதற்காக இல்லாத கரண்ட்டை இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

தாண்டிக்குடி காபி · 7:15
கீழ்மலையிலும் அதே கதைதான். அதோடு பனி. ஜன்னல் ஓரம் வைத்த லேப்டாப் காலையில் தொட்டால் ஈரம். என் மச்சானுடையது ஒரே மழைக்காலத்தில் கீபோர்டு போய்விட்டது.

பழைய கை · 7:18
துணியில் சுற்றி பெட்டியில் வைக்க வேண்டும். பொருளைப் பேணத் தெரியாததற்கு மலை என்ன செய்யும்?

அரவேணு அக்கா · 7:22
லேப்டாப் நல்லதுதான், யார் இல்லை என்றார்கள். அந்தத் தம்பியிடம் இன்றைக்கு இருப்பது போன். நாளை காலை 4 மணிக்கு ஜீப். அதைப் பார்ப்போம்.

மேல்மலைப் பூண்டு · 8:04
மன்னிக்கவும், வீட்டில் சிக்னல் நிற்கவில்லை, வேலப்பர் கோயில் பக்கம் வந்து அனுப்புகிறேன். ஊர் பூம்பாறை. ஆண்ட்ராய்டு 13. டெர்மக்ஸ் எஃப்-டிராய்டில் எடுத்ததுதான். படம் ஏறவில்லை, பிழையில் கடைசியில் இருப்பதை மட்டும் அடிக்கிறேன்: பெர்மிஷன் டினைட், அப்புறம் லிப், ஒரு அம்புக்குறி, பூண்டு/லிப்64. பூண்டு என்பது வென்வுக்கு நான் வைத்த பெயர். வேலை இதுதான்: அப்பா நோட்டில் மூட்டை மூட்டையாக எடை இருக்கிறது. 41.5, 38, 43 என்று, சில இடத்தில் ஈரக்கை பட்டு மை கலங்கிவிட்டது. எடை, விலை, கமிஷன், ஜீப் வாடகை போட்டு எக்செல் தாளாக வேண்டும். அதற்கு எக்செல் கோப்பு எழுதும் ஓப்பன்பைஎக்செல் நூலகம் வேண்டும், அதற்குத்தான் வென்வ்.

அரவேணு அக்கா · 8:07
லிப்64! அதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, நீங்கள் எந்த ஃபோல்டரில் நின்று செய்கிறீர்கள்? பிடபிள்யூடி என்று மூன்று எழுத்து அடித்து என்ன வருகிறது சொல்லுங்கள்.

மேல்மலைப் பூண்டு · 8:09
ஸ்டோரேஜ்/எமுலேட்டட்/0/டவுன்லோட் என்று வருகிறது. அங்கே வைத்தால்தான் ஃபைல் மேனேஜரில் தெரிகிறது, அதனால்.

அரவேணு அக்கா · 8:16
அதுதான் காரணம். போனிலும் குறையில்லை, டெர்மக்ஸிலும் குறையில்லை.

வென்வ் உருவாகும்போது லிப் என்று ஒரு ஃபோல்டர் செய்யும். 64 பிட் போனில் அதே ஃபோல்டருக்கு லிப்64 என்று இன்னொரு பெயரும் வைக்கும். ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட ஒரு பெயர் இருக்கிறதே, அப்படி. இந்த இரண்டாவது பெயருக்கு சிம்லிங்க் என்பார்கள். டவுன்லோட், படங்கள் எல்லாம் இருக்கிற பொது இடத்தில் ஆண்ட்ராய்டு சிம்லிங்க் வைக்க விடாது. அங்கே இருக்கும் கோப்பை நேரடியாக ஓட்டும் உரிமையும் தராது. நீங்கள் எத்தனை முறை அழித்துச் செய்தாலும் அதே வாசலில்தான் முட்டுவீர்கள். டெர்மக்ஸின் ஹோமில் இரண்டுக்கும் அனுமதி உண்டு.

எல்லாம் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். டவுன்லோடில் பாதியில் நின்ற பூண்டு ஃபோல்டரை முதலில் அழியுங்கள், உங்கள் நிரல் அதற்குள் இல்லை என்று பார்த்துக்கொண்டு. அப்புறம் சிடி என்று மட்டும் அடித்து என்டர், ஹோமுக்கு வந்துவிடுவீர்கள். அங்கே நின்று அதே வென்வ் கட்டளை. முடிந்ததும் சோர்ஸ் பூண்டு/பின்/ஆக்டிவேட். வரியின் முன்னால் பூண்டு என்று அடைப்புக்குறிக்குள் வந்தால் உள்ளே இருக்கிறீர்கள். பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்செல். அது முழுக்க பைத்தானிலேயே எழுதியது, சின்னது, அந்த சிக்னலிலும் இறங்கிவிடும்.

நிரல் கோப்பு டவுன்லோடிலேயே இருக்கட்டும். பைத்தான் அதைப் படிக்கத்தான் போகிறது, படிக்கத் தடை இல்லை. டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ் ஏற்கெனவே ஓட்டியிருப்பீர்கள், அதனால் ஹோமில் இருந்தே பைத்தான் ஸ்டோரேஜ்/டவுன்லோட்ஸ்/ உங்கள் கோப்பின் பெயர் என்று கொடுத்தால் ஓடும். டவுன்லோட்ஸ் என்பதில் கடைசி எஸ் முக்கியம், போனின் ஃபோல்டரில் அந்த எஸ் இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு: நாளைக்கு யாராவது டெர்மக்ஸை எடுக்கச் சொன்னாலும் நிரல் தப்பிக்கும்.

ஊட்டி ரயிலடி · 8:20
அருமை அக்கா. ஜாவாஸ்கிரிப்ட் ஓட்ட நோட் ஜேஎஸ் போட்டவர்களுக்கும் இதே அடிதான். அதன் என்பிஎம் கருவி பொதி இறக்கும்போது உள்ளே சிம்லிங்க் வைக்கும், டவுன்லோடில் இருந்தால் அங்கேயே விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இதில் போனது. தம்பி, நிரல் நடுவில் சுற்றிக்கொண்டே இருந்தால் வால்யூம் குறைக்கும் பொத்தானை அழுத்தியபடி சி தட்டுங்கள், நின்றுவிடும். அந்தப் பொத்தான்தான் கண்ட்ரோல்.

தாண்டிக்குடி காபி · 8:25
பாண்டாஸ் என்ற கணக்கு நூலகம் போட்டால் இன்னும் சுலபம், இரண்டே வரி.

பழைய கை · 8:31
நாற்பது மூட்டைக்குப் பாண்டாஸ் எதற்கு? அது சி-யில் எழுதிய பாகங்களோடு வருவது, போனில் கட்டுவதற்குள் ஜீப் வடுகபட்டி போய்த் திரும்பிவிடும். ஓப்பன்பைஎக்செல் ஏறவில்லை என்றால், காற்புள்ளியில் பிரித்த சிஎஸ்வி கோப்பு எழுதும் வசதி பைத்தானோடேயே வருகிறது, இறக்கவே வேண்டாம். அதில் எழுது, எக்செல்லில் திறக்கும். எடையைத் தசமத்தோடு ஃப்ளோட், அதாவது தசம எண், ஆக்கிப் பெருக்கு, இல்லாவிட்டால் 41.5 வெறும் எழுத்தாகவே நிற்கும். கமிஷனை மொத்தத்தில் எடு, ஒவ்வொரு மூட்டையிலும் எடுத்து முழு ரூபாயாக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் சில்லறை இடிக்கும்.

குந்தா · 8:34
இது நல்ல பதில், ஐயா.

மேல்மலைப் பூண்டு · 9:48
வந்துவிட்டது. லிப்64 பிரச்சினை இல்லை. ஓப்பன்பைஎக்செல் இரண்டாவது முயற்சியில் இறங்கியது. சார்ஜ் 9 சதவீதம், நோட்டைப் பார்த்து அடிக்கிறேன். நன்றி அக்கா, எல்லோருக்கும்.

தாண்டிக்குடி காபி · மறுநாள் காலை 7:30
தம்பி, தாள் தயாரானதா? 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, நல்ல விலைக்குப் போயிருக்க வேண்டும்.

அரவேணு அக்கா · மறுநாள் இரவு 8:50
முடிந்தால் ஒரு வரி சொல்லுங்கள்.

மேல்மலைப் பூண்டு · மூன்றாம் நாள் மாலை 5:15
அப்பா வந்துவிட்டார். மண்டியில் கொடுத்த சீட்டும் நம் தாளும் ஒத்துப்போனது, 60 ரூபாய் மட்டும் வித்தியாசம். அது இறக்குகூலி, நோட்டில் அப்பா எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது ஒரு வரி சேர்த்துவிட்டேன். மை கலங்கிய இடத்தில் நான் 38 என்று படித்தது சரிதான்.

பழைய கை · 5:40
கூலியை மூட்டைக் கணக்கில் சேர்த்தாயா, எடைக் கணக்கிலா? அடுத்த முறை மூட்டை கூடினால் அந்த வரி தப்பாக வரும். நிரலை இங்கே போடு, பார்க்கிறேன்.