மலையகத்தில் இருப்பவர்களுக்கு எது: ஓட்டோகுரொஸா, டிராக் டேயா?

ஊவாச் சாரதி

வணக்கம். பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். நானும் இரண்டு நண்பர்களும் காரை வேகமாகவும் சரியாகவும் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறோம். பந்தயக்காரர் ஆகும் எண்ணம் யாருக்கும் இல்லை. என்னிடம் இருப்பது பழைய சுசுகி ஸ்விஃப்ட். வேலைக்குப் போவதும் அதில்தான், அம்மாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவதும் அதில்தான்.

இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று ஓட்டோகுரொஸ்: தட்டையான தார்த்தரையில் கூம்புகளை வைத்துப் பாதை அமைத்து, ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் கடிகாரத்துக்கு எதிராக ஓடுவது. மற்றது டிராக் டே: பந்தயச் சுற்றுப்பாதையை ஒரு நாளுக்கு எடுத்து, சில கார்கள் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, போட்டியும் நேரக் கணக்கும் இல்லாமல் ஓடுவது. வருடத்துக்கு ஒன்றுக்குத்தான் எங்களிடம் பணம் தேறும். எதற்குச் செலவழிக்கலாம்?

தலவாக்கலை கராஜ்

ஓட்டோகுரொஸ், தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

கார் வழுக்கத் தொடங்கும் அந்த எல்லையைத் தொட்டுப் பார்க்காமல் யாரும் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. நம் வீதிகளில் அதைத் தொட்டால் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். கூம்புகளுக்கு நடுவே தொட்டால் ஒரு கூம்பு சாயும், அவ்வளவுதான். அமெரிக்க முறையில் கூம்பு ஒன்றுக்கு 2 செக்கன் தண்டம், பாதையைத் தவறவிட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. இரண்டாவது கியரிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டுவது அரிது.

முன்சக்கரம் பிடிப்பை விட்டு, ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போவதை அங்கே கைகளால் உணர முடியும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாகிவிடும். புதியவர் உடனே இன்னும் திருப்புவார். அங்கே செய்ய வேண்டியது எதிர்மாறு: கொஞ்சம் தளர்த்தி, எக்ஸிலேட்டரை மெல்ல விட்டு, எடை முன்னால் வந்து டயர் மறுபடி தரையைப் பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். இதை மணிக்கு 50 கிலோமீற்றரில் பழகிக்கொண்டவன் மழை நாளில் ரம்பொடை வளைவுகளில் அதையே செய்வான்.

கண்டி மூன்றாம் கியர்

கராஜ் தம்பி சொல்வதில் பிழை இல்லை. ஆனால் ஒரு கணக்கை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஓட்டோகுரொஸில் ஓர் ஓட்டம் ஒரு நிமிடம் அளவில் முடிந்துவிடும். நாள் முழுக்க நின்றாலும் நான்கைந்து ஓட்டங்கள், மிஞ்சினால் ஆறு. மற்ற நேரமெல்லாம் அடுத்தவன் சாய்த்த கூம்பை நிமிர்த்திக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். டிராக் டேயில் 15 முதல் 20 நிமிடப் பகுதிகள் நான்கு கிடைத்தால், ஒரு மணி நேரமாவது கை ஸ்டியரிங்கில் இருக்கும். அதுவும் ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். முதல் சுற்றில் பிந்திப் பிரேக் பிடித்தாயா? இரண்டு நிமிடத்தில் அதே வளைவு மறுபடி உன் முன்னால் நிற்கும், திருத்திக்கொள்ளலாம். பக்கத்து ஆசனத்தில் பயிற்றுநர் இருந்தால் அந்தக் கணமே சொல்லித் தருவார்.

சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீற்றர் சுற்றுப்பாதை இருக்கிறது. அங்கே பயிற்சி எடுத்தபோதுதான் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. பிரேக் பிடிக்கும் இடத்திலேயே பார்வை வளைவின் உள்விளிம்புக்குப் போய்விட வேண்டும்; உள்விளிம்பை அடையும்போது வெளியேறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரிய வேகத்தில் இது பழகினால்தான் சின்ன வேகத்தில் தானாக வரும்.

பொழுதுபோக்குக்கு ஓட்டோகுரொஸ் நல்லது. கற்றுக்கொள்ள டிராக் டே.

தலவாக்கலை கராஜ்

அண்ணன், நீங்கள் கற்றுக்கொண்ட கார் யாருடையது? பயிற்சிப் பள்ளியின் கார். தம்பி கொண்டுபோகப் போவது அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிப் போகும் காரை.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 வரை கதவு திறக்கவில்லை. அந்த இடைவெளியில் பழைய காரின் விலை எங்கே போனது என்பது எல்லோருக்கும் தெரியும். சுற்றுப்பாதையில் நடக்கும் சேதத்தைச் சாதாரணக் காப்புறுதி பொதுவாக ஏற்காது. ஒரு சுவரில் மோதினால் அந்தக் குடும்பத்துக்கு அடுத்த கார் வர எத்தனை வருடம் ஆகும்?

மோதாவிட்டாலும் பிரேக் இருக்கிறது. வேகம் இரட்டிப்பானால் அதை நிறுத்தத் தேவைப்படும் சக்தி நான்கு மடங்கு. 60இல் இருந்து நிறுத்துவதற்கும் 120இல் இருந்து நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான், அத்தனையும் சூடாகப் பிரேக்கில் இறங்குகிறது. பிரேக் ஒயிலில் டொட் 3, டொட் 4 என்று தரவகைகள் உண்டு. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி; ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டொட் 4க்கு 230, ஈரம் ஏறினால் 155. ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் மூடுபனிக்குள் நிற்கும் நம் கார்களின் ஒயில் எந்த நிலையில் இருக்கும்? எங்கள் கராஜுக்கு வரும் கார்களில் திறந்து பார்த்தால் பல நேரம் கோப்பித் தண்ணீர் நிறம்.

அது கொதித்துக் குமிழி வந்தால் பெடல் தரைவரை போகும். கார் நிற்காது.

கொழுந்து லொறி

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். பல வருடங்களாகத் தோட்டத்து லொறி ஓட்டுகிறேன். பிரேக் சூடேறும் வாசனையைத் தெரிந்துகொள்ள மலைக்காரன் சுற்றுப்பாதைக்குப் போகத் தேவையில்லை. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எஞ்சினைக் கொண்டு வண்டியை நிறுத்திப் பிடிக்கத் தெரிந்தவனுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது. தம்பிமார் அதை முதலில் கற்கட்டும்.

கண்டி மூன்றாம் கியர்

லொறி ஐயாவின் பேச்சுக்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனால் அது மெதுவாக இறங்கும் வித்தை. நேர்வீதியில் 110இல் வரும்போது குறுக்கே முச்சக்கர வண்டி திரும்பினால் பிரேக்கை முழுதாக மிதிக்கத் தெரிய வேண்டும். நம் ஆட்கள் அதைச் செய்வதே இல்லை. மலையில் வளர்ந்த சாரதி வளைவைக் கண்டு பயப்படமாட்டான், நேர்வீதியில்தான் தடுமாறுவான். அதிவேகப் பாதையில் ஏறியதும் தெரியும்.

பிரேக் ஒயிலைப் பற்றிக் கராஜ் தம்பி எழுதியதை அப்படியே ஏற்கிறேன். அது டிராக் டேக்குப் போகாதே என்று சொல்வதற்குக் காரணம் ஆகாது. போகுமுன் ஒயிலை மாற்று, பிரேக் பேட் (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் கட்டை) பாதிக்கு மேல் இருக்கிறதா பார், சக்கர நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்கு, கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓடிக் குளிரவிடு, நிறுத்திய பிறகு கைப் பிரேக்கை இழுக்காதே. இவ்வளவும் செய்கிறவனின் கார் பாதுகாப்பாக வீடு வரும்.

தலவாக்கலை கராஜ்

வீடு வரும். மறுநாள் என்ன ஆகும் என்று கேட்கிறேன். தாழ்நாட்டிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. பேட் எரிந்து கண்ணாடி போலாகியிருந்தாலும் வீட்டு வாசல் வரை ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை காலை பெரகலையில் இறங்கும்போதுதான் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அந்த அளவுக்குக் குறைகிறது. மலையிலேயே பழகிய கால் கடலோரத்துக்குப் போனால், அதே மிதியில் கார் கூடுதலாக இழுக்கும். வளைவு நினைத்ததைவிட முன்னால் வந்து நிற்கும். முதல் தடவையே சுற்றுப்பாதையில் அதைச் சந்திக்க வேண்டுமா?

நானுஓயாக்காரி

இரண்டு பேரும் தரை எங்கே என்று கேட்கவே இல்லையே!

ஓட்டோகுரொஸ் மலிவு, வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யலாம் என்பதெல்லாம் பெரிய வாகனத் தரிப்பிடமும் பழைய விமான ஓடுதளமும் இருக்கிற நாடுகளின் கதை. நம் பக்கம் தட்டையான இடம் என்றால் பாடசாலை மைதானம், கோயில் முன்றல், தோட்டத்துப் பிரட்டுக்களம். மைதானம் புல். பிரட்டுக்களத்தில் கார் ஒரு வட்டம் போட்டால் முடிந்தது. நுவரெலியாப் பந்தயத் திடல் குதிரைக்கானது. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் இராணுவத்தின் இடம், மண்பாதை, அங்கே பல கார்கள் ஒன்றாக ஓடும். கூம்பு ஓட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நமக்கென்று இருந்தது மலையேற்றப் பந்தயம்தான். மகாகஸ்தோட்டையில் 1930களிலேயே தொடங்கிவிட்டது, ராதல்லையிலும் நடந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரம்: வடிவத்தில் ஓட்டோகுரொஸ் போலவே. ஆனால் வீதியோரத்தில் கூம்புக்குப் பதிலாகக் கானும் கல்லும் மரமும் இருக்கின்றன. அது தேர்ந்தவர்களுக்கானது, கற்பவர்களுக்கானது அல்ல.

2024 ஏப்ரல் 21ஐயும் நினைவில் வையுங்கள். ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் புகுந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். எதை ஏற்பாடு செய்தாலும் யார் எங்கே நிற்பார்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள். கார் பிறகு.

கண்டி மூன்றாம் கியர்

தங்கச்சி சொன்னதுதான் என் வாதத்தின் அடித்தளம். தட்டையான தார்த்தரைக்காக எப்படியும் தாழ்நாட்டுக்கு இறங்கத்தான் வேண்டும். களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் விமானத் தளத்தில் கார்ப் பந்தயம் நடக்கிறது. அதுபோன்ற இடத்துக்கு விடிய முன் எழுந்து, பல மணி நேரம் ஓடிப் போய், பெற்றோலுக்கும் அறைக்கும் செலவழித்து, ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்புவதா? பயணச் செலவு இரண்டுக்கும் ஒன்றுதானே!

தலவாக்கலை கராஜ்

பயணச் செலவு ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். அங்கே போன பிறகு இழக்கக்கூடியது ஒன்றல்ல. ஐந்து நிமிடம் என்று மட்டமாகச் சொல்கிறீர்கள். காலையில் பாதையை நடந்து பார்க்கிறோமே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு கூம்பருகிலும் சாரதியின் கண்மட்டத்துக்குக் குனிந்து, அங்கிருந்து அடுத்தது தெரிகிறதா, எந்த இடத்தில் தார் தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது, எங்கே சரளை சிந்தியிருக்கிறது என்று பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டும். ஒத்திகை கிடையாது, முதல் ஓட்டத்திலேயே வீதியைப் படிக்க வேண்டும். பழகிய வளைவைத் திருத்திக்கொள்வது ஒரு திறமை. தெரியாத வளைவைப் படிப்பது வேறு திறமை. நம் வீதிகளுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

கண்டி மூன்றாம் கியர்

கடிகாரத்தைக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகப் படி என்றால் இருபத்திரண்டு வயதுப் பையன் கேட்பானா? ஞாயிறு மாலை வாங்கிய நேரத்தை நண்பனிடம் நிரூபிக்கத் திங்கள் இரவு ஹப்புத்தளை வீதிக்குத்தான் போவான். டிராக் டேயில் நேரம் எடுக்க விடுவதில்லை, அந்த வம்பும் இல்லை. முந்த விரும்பினால்கூட முன்னே போகிறவர் கையைக் காட்டி வழிவிட்ட பிறகுதான், அதுவும் நேர்ப்பகுதியில் மட்டும் முந்தலாம். பொறுமையை அந்த விதி பழக்கும்.

தலவாக்கலை கராஜ்

கடிகாரம் இல்லாவிட்டால் எல்லோருக்கும் தான்தான் வேகமானவன் என்ற நினைப்பு இருக்கும். நேரம் பார்த்த அன்று, மிதமாக ஓட்டிய பழைய மாருதிக்காரர் தன்னைவிட நாலு செக்கன் முன்னால் என்று தெரியும்போது அந்தப் பையனின் தலைக்கனம் இறங்கும். இரவில் வீதியில் ஓடுகிறவர்கள் யாரும் கூம்பு ஓட்டத்திலிருந்து வந்தவர்கள் அல்லர் அண்ணன், எங்கும் ஓட இடமில்லாதவர்கள்.

ஊவாச் சாரதி

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் முற்றத்தைக் கேட்டுப் பார்த்தோம், அனுமதி தருகிறார்கள். கொங்கிரீட் தரை, நீளம் 60 மீற்றர், அகலம் 35 மீற்றர் இருக்கும். ஒரு பக்கம் கட்டடத்தின் தூண்கள், மறுபக்கம் தடுப்பில்லாத கரை. அங்கே கூம்பு வைக்கலாமா?

தலவாக்கலை கராஜ்

வேண்டாம். அமெரிக்க விதிப்படி ஓட்டோகுரொஸ் பாதைக்கு அகலம் குறைந்தது 15 அடி, வளைந்து வளைந்து போகும் வரிசையில் கூம்புக்குக் கூம்பு 45 அடி, தூண் போன்ற அசையாத பொருளிலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும். இருபுறமும் 25 அடியைக் கழித்தால் உன் 35 மீற்றர் 20 ஆகிவிடும். கரையில் தடுப்பு இல்லாததால் அந்தப் பக்கம் இன்னும் விட வேண்டும். மிஞ்சிய இடத்தில் வேகமான பாதை எதுவும் அடங்காது.

அங்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. நடுவில் ஒரே கோட்டில், 40இல் வந்து முழுப் பிரேக் பிடித்து நிறுத்துவது. கரைக்கு இணையாக ஓடு, கரையை நோக்கி ஓடாதே. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருந்தால் பெடல் காலுக்குக் கீழே நடுங்கும், பயந்து விட்டுவிடக் கூடாது என்று மூவரும் பழகுங்கள்.

கண்டி மூன்றாம் கியர்

அதை நானும் சொல்வேன். ஆனால் போகுமுன் பிரேக் ஒயில் மாற்று, டொட் 4. டிராக் டேக்குச் சேர்த்துவைக்கும் பணத்தில் அதை எடுக்காதே, அது எப்படியும் செய்ய வேண்டிய செலவு.

நானுஓயாக்காரி

பார்க்க வருகிறவர்களைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டாம்.