பெட்ரா, வாடி ரம் பயணத்துக்கு வழிகாட்டல் வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். வரும் நவம்பரில், 68 வயதான என் அம்மாவுடன் ஏழு நாள் பயணமாக ஜோர்டானுக்குச் செல்லவிருக்கிறேன். நபாத்தியர்கள் என்னும் பண்டைய அரபு மக்கள் மணற்பாறையைக் குடைந்து உருவாக்கிய பெட்ரா நகரை நேரில் காண வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள சிக் என்னும் பாறை இடுக்கின் வழியே மெதுவாக நடந்து, அதன் முடிவில் தோன்றும், கருவூலம் எனப்படும் பாறைக் கட்டடத்தின் முகப்பை அவர் பார்த்துவிடுவார். ஆனால் மலைமேல் உள்ள மடாலயத்துக்குச் சுமார் 800 படிகள் ஏற வேண்டும் என்பதுதான், அவருடைய மூட்டுவலியை எண்ணி என்னைத் தயங்க வைக்கிறது.

பெட்ராவுக்கு அருகிலுள்ள சிறிய பெட்ரா என்னும் இடத்தின் பக்கமிருந்து பின்வழியாக மடாலயத்தை அடைந்தவர்கள் இருந்தால், வண்டி எதுவரை செல்லும், மீதித் தூரம் முதியவர் நடக்கக் கூடியதா என்பதை விளக்கமாகச் சொல்லுங்கள். கழுதைமீது ஏறிச் செல்ல எங்களுக்கு மனமில்லை; செங்குத்தான படிகளில் அந்த உயிர்களை வருத்துவது சரியெனத் தோன்றவில்லை.

நபாத்தியர்களே அணை கட்டி, சுரங்கம் வெட்டித் திருப்பிவிட வேண்டியிருந்த அளவுக்குப் பெட்ராவில் திடீர் வெள்ளம் வரும் என்பதால், மழைக்காக ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்க வேண்டுமா? வாடி ரம் பாலைவனக் கூடாரத்தில் நவம்பர் இரவுக் குளிரை முதியவர்கள் தாங்குவார்களா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகுந்த நன்றியுடையவனாவேன்.