கையில் 3 லட்சம்தான்: முதல் மனை வாங்கலாமா?

தாம்பரம்வாசி:
சம்பளம் 38,000, சேமிப்பு 3 லட்சம். செங்கல்பட்டு தாண்டி 600 சதுர அடி மனை, அடி 1,500 ரூபாய் சொல்கிறார்கள். 50,000 ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மீதியை மாதத் தவணையில் கட்டினால், முடிந்ததும் பத்திரமாம். இறங்கலாமா?

கணக்குப்பிள்ளை:
தவணைத் திட்டம் வேண்டாம் சார். கடைசித் தவணை வரை உங்களிடம் ரசீதுதான் இருக்கும், நிலம் புரமோட்டர் பெயரில் இருக்கும். நடுவில் அவர் அடமானம் வைத்தால் கோர்ட் வாசல்தான். மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரேரா சட்டம் 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவே கூடாது.

வங்கிக் கடன் என்றால் பத்திரம் முதலிலேயே உங்கள் பெயருக்கு வரும். கணக்கைப் பாருங்கள். மனை 9 லட்சம். 75 சதவீதம் கடன் கிடைத்தால் 6.75 லட்சம், கைக்காசு 2.25 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம்: 81,000. இங்கேயே 3,06,000 ஆகிவிட்டது. எழுத்துக் கூலி, வக்கீல் செலவு தனி. வீட்டுப் பெண்கள் பெயரில் பதிந்தால் 10 லட்சம் வரையான சொத்துக்குப் பதிவுக் கட்டணம் 1 சதவீதம்தான் (2025 ஏப்ரல் முதல்). 9,000 மிச்சம், ஆனால் அவர்களும் கடனில் கையெழுத்துப் போட வேண்டிவரும். 9 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 8,550. காலி மனை வாடகை தராது, எல்லாம் சம்பளத்திலிருந்துதான்.

சர்வேநம்பர்:
டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், ரேரா பதிவு எண் இரண்டும் கேளுங்கள். அப்ரூவல் வரைபடத்தில் உங்கள் மனை எண்ணை நீங்களே தேடிப் பாருங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் விற்பவர்கள் உண்டு. 30 வருட வில்லங்கம் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் பதிவானது மட்டுமே அதில் வரும், வாரிசுப் பங்கு தெரியாது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் வீட்டுப் பெண்கள் கையெழுத்து இல்லையா? அங்கேதான் பிற்பாடு வழக்கு முளைக்கும். மூலப் பத்திரம் அசலாகக் காட்டாமல் ஜெராக்ஸ் நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆலந்தூரான்:
3 லட்சத்தையும் ஒரே மனையில் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைமாற்றுதான். ஒரு லட்சத்தைத் தொடாதீர்கள். மீதியில் கொஞ்சம், பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ரீட் (பலர் பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை) யூனிட் வாங்கலாம், ஒன்றே ஒன்றுகூடக் கிடைக்கும். அலுவலகக் கட்டட வாடகையில் பங்கு வரும். விநியோகிக்கக்கூடிய பணத்தில் குறைந்தது 90 சதவீதம் கொடுத்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. விலை இறங்கவும் செய்யும்.

கணக்குப்பிள்ளை:
அந்த 50,000 ரொக்கமும் வேண்டாம். சொத்துக்கான முன்பணம் 20,000 அல்லது அதற்கு மேல் போனால் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். செக் அல்லது வங்கிப் பரிமாற்றம் என்று சொல்லுங்கள். மறுத்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.